அருவியில் தடை போட்டால் ஆள் மாறுவோம்

காலையில் நான் வேலை செய்கிறதைப் பார்த்தால் என் மருமகளுக்குச் சிரிப்பு வரும். உளுந்தை ஊறப் போட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவ உட்காருவேன். பாதிதான் உருவுவேன். எழுந்து மாடிக்குப் போய்க் கொடியில் கிடக்கிற துணியை மடிப்பேன். அதிலும் சேலைகளை மட்டும். இறங்கி வந்து மிச்சக் கீரை, அப்புறம் வாசல் செம்பருத்திக்குத் தண்ணீர், மறுபடியும் மாடிக்குப் போய் மிச்சத் துணி. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும், எனக்கு ஒரு அலுப்பும் இருக்காது.

“ஒரு வேலைய முடிச்சிட்டு அடுத்தத தொடுங்களேன் அத்தை,” என்பாள்.

“எல்லாத்தையும் முடிச்சிருதேன்லாட்டி. வரிசையா முடிச்சாத்தான் கணக்கா?”

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை எழ மாட்டாள். எழும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். அன்றைக்கு ஒரு நாள் போனில் எதையோ படித்துவிட்டு ஓடி வந்தாள். “அத்தை, நீங்க செய்யுதத அப்படியே இதுல போட்டிருக்கான். வேலைய மாத்தி மாத்திச் செஞ்சா சோர்வு வராதாம். இத எங்கன படிச்சிய?”

“குத்தாலத்துல,” என்றேன். “தோசைக்கல்லு முன்னால நின்னு படிச்சேன்.”

அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லுகிறேன், அவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. என் பேச்சை அப்படியே போட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதாம், கொஞ்சம் தலை சீவி, பொட்டு வைத்துத்தான் போடுவாளாம். போட்டுக்கொள். ஆட்கள் பேசுகிறதை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நாங்கள் அச்சன்புதூரில் இருந்தோம். எனக்கு வயல் வேலை. வயல் வேலை என்றால் ஒரே வேலை என்று நினைப்பீர்கள். கிடையாது. காலையில் குனிந்து நாற்றுப் பறிப்போம். வெயில் ஏறினதும் நாற்றுக் கட்டுகளைத் தலையில் வைத்து வரப்பில் நடப்போம். அப்புறம் நடவு. சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வீடு. குனிந்த இடுப்பு நிமிரும், நிமிர்ந்த கழுத்து குனியும். அந்த வருஷம் குளத்து மடை உடைந்துபோய் யாரும் கார்ப் பருவ நெல் போடவில்லை. என் வீட்டுக்காரர் செங்கோட்டைப் பக்கம் லாரிக்கு மரம் ஏற்றப் போய்விட்டார். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருகிறதுபோல ஒரு கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவர் ஒரு சேதி சொன்னார். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, ஒரு மெஸ்ஸில் தோசை சுட ஆள் கேட்கிறார்கள் என்று. எனக்கு உடம்பெல்லாம் காலாகிவிட்டது. குற்றாலம் எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் நான் அந்த அருவியைப் பார்த்தது நாலைந்து தடவை இருக்கும். அதுவும் ஆடி அமாவாசைக் கூட்டத்தில், மாமியார் என் சேலை முந்தியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு நிற்க, பயந்து பயந்து தலையை நீட்டியது.

மாமியாரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

“குத்தாலத்துக்கா? அங்கன குளிக்க வாறவனுக்கெல்லாம் நீ தோசை சுட்டுப் போடப் போறியோ?”

“சீசன் முடியுத வரைக்கும்தான் அத்தை.”

அவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “சரி, போ. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. பாதியில வேண்டாம்னு உன்னைத் திருப்பி அனுப்பிட்டாவன்னா, அப்புறம் வெளி வேலைன்னு ஒரு பேச்சு இந்த வீட்டுல இருக்கக் கூடாது. வயலு, வீடு, மாடு. அவ்ளோதான்.”

தலையை ஆட்டினேன். அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தோசை சுடத் தெரியாதா எனக்கு?

மெயின் அருவிக்குப் போகிற வழியில், துண்டும் எண்ணெயும் சிப்ஸும் விற்கிற கடைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்ன மெஸ் அது. சீசனுக்கு மட்டும்தான் திறப்பார்கள். நடத்துகிற அம்மாளை ஆச்சி என்று கூப்பிடுவோம். பாட்டி வயசெல்லாம் இல்லை, மரியாதைக்குத்தான். கல்லாவில் ஒரு மர ஸ்டூல், அதில் ஆச்சி. கடை திறக்கும்போது உட்கார்ந்தால் மூடும்போதுதான் எழுவார்கள். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும்.

வேலைக்கு நாங்கள் மூன்று பேர். தோசைக்கல்லில் நான். தேங்காய் துருவி, சட்னி அரைத்து, சாம்பார் கொதிக்க வைக்க ஒரு சிவகிரிக்காரி. அவள் பேசினால் பக்கத்துக் கடைக்குக் கேட்கும். பரிமாறி இலை எடுக்க ஒரு செங்கோட்டைக்காரி. அவளுக்குப் பாதிப் பேச்சு மலையாளம். கேரளாவிலிருந்து ஆட்கள் வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம், “சேட்டா, சேச்சி” என்று இழைவாள்.

ஆச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: “நிக்க இடத்த விட்டு யாரும் நகரப்பிடாது. கை மாறுனா ருசி மாறிரும்.”

முதல் வாரம் நான் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவேன். தென்காசி தாண்டியதுமே சாரல் முகத்தில் பூப்போல விழும். மலை தலையில் மேகத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். கடையில் நின்றால் அருவிச் சத்தம் விடாமல் கேட்கும், அதற்கு மேல் நாம் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். தெருவெல்லாம் நல்லெண்ணெய் வாசமும் ஈரத் துண்டு வாசமும். இப்போதும் மழையில் நனைந்த துண்டை யாராவது நாற்காலியில் போட்டுவிட்டால் மருமகள் முகத்தைச் சுளிப்பாள், நான் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன்.

குரங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒன்று வந்து ஒரு மாப்பிள்ளையின் நெய் ரோஸ்ட்டைச் சுருள் கலையாமல் தூக்கிக்கொண்டு போய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. புதுப்பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சரி, அது கிடக்கட்டும். தோசைக்கு வருகிறேன்.

இரண்டாம் வாரத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மாவு, தேய்ப்பு, எண்ணெய், திருப்பு. மாவு, தேய்ப்பு, எண்ணெய், திருப்பு. வலது தோள் கல்லாகிவிட்டது. தோளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மண்டை மரத்துப்போய்விட்டது. கண் திறந்திருக்கும், நான் உள்ளே இருக்க மாட்டேன். ஒரு நாள் மாவு என்று நினைத்து மோரை மொண்டு கல்லில் ஊற்றிவிட்டேன். சர்ரென்று ஆவி எழும்பி, அடுக்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். இன்னொரு நாள் மதுரையிலிருந்து வந்த ஒருத்தர் மசாலா தோசையை ஓரம் முதல் நடு வரை பிய்த்துப் பார்த்துவிட்டு, “அம்மா, மசாலா பின்னாடி பஸ்ல வருதா?” என்று கேட்டார். கடையே சிரித்தது. ஆச்சி சிரிக்கவில்லை.

ஆட்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். “ஏட்டி, உனக்கு உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல ஆச்சி.”

“ஒண்ணுமில்லாமலா மோர்ல தோசை சுடுத? நான் ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் இப்படியே நின்னேன்னா, திங்கக்கிழம நீ வரவேண்டாம். வாசுதேவநல்லூர்ல ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்கா.”

அன்றைக்குச் சாயங்காலப் பஸ்ஸில் ஜன்னல் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. மாமியார் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. திங்கள்கிழமை வீட்டில் இருந்தேன் என்றால் சாகிற வரைக்கும் வயல், வீடு, மாடு. அந்த மூன்றின் மேலும் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் வேறு ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அது எனக்கு இல்லை என்றால் எப்படி?

மறுநாள் நடந்ததுதான் கதை. மேலே மலையில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் கூடிவிட்டால் போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிட்டுக் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். மைக்கில் சொல்லுவார்கள். அதைக் கேட்டதும் நாங்கள் மாவுச் சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைப்போம். ஏனென்றால் அருவியில் நின்ற அத்தனை கூட்டமும் ஈரத்தோடு, நடுங்கிக்கொண்டு, பசியோடு கடைக்குத்தான் வரும். தடையை எடுத்ததும் கடை அப்படியே காலி. பாதித் தோசையை வாயில் கவ்விக்கொண்டு ஓடினவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குத் தடை விழுந்தது. கூட்டம் வாசல் வரை நிற்கிறது. பின்னாலிருந்து சிவகிரிக்காரி, “யாத்தீ!” என்றாள். துருவியில் தேங்காய் வழுக்கிக் கட்டைவிரலில் கீறிவிட்டது. பெரிய காயம் இல்லை, ஆனால் தேங்காய்க்குள் இரத்தம் பட்டால் என்ன ஆகும்?

“ஏட்டி, நீ இங்கன வா. நான் கல்லுல நிக்கேன்,” என்றாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு என் கையிலிருந்த தோசைத் திருப்பியைப் பிடுங்கினாள். கல்லாவிலிருந்து பார்த்தால் அடுக்களைத் தடுப்பு மறைக்கும். ஆச்சிக்குத் தெரியவில்லை.

நான் துருவியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதே பெரிய சுகம். தேங்காய் சரசரவென்று பூவாக விழுந்தது. பச்சை மிளகாய் வாசம், பொட்டுக்கடலை வாசம். பத்துத் தேங்காய் துருவி முடிக்கையில் யாரோ என் தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினதுபோல இருந்தது. எனக்கே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சிவகிரிக்காரி தோசையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டு, “இத்தன நாளா அந்தத் தேங்காச் சவத்தையே பாத்து எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுட்டி!” என்று கத்தினாள். தடையை எடுத்துவிட்டார்கள், கூட்டம் போனது, நாங்கள் இரண்டு பேரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினோம். திரும்பி வந்து நான் ஊற்றிய தோசை, முதல் வாரத்துத் தோசை. வட்டமாக, ஓரம் முறுகி.

செங்கோட்டைக்காரி எச்சில் இலைக் கூடையோடு வந்து நின்றாள். “ஞான் மட்டும் எலை எடுத்துக்கிட்டே சாகணுமோ?”

அப்படித்தான் எங்கள் வழக்கம் உண்டாயிற்று. மைக்கில் தடை என்று கேட்டதும் ஒரு இடம் மாறுவோம். தடை நீங்கியது என்றால் இன்னொரு இடம். சில நாள் தண்ணீர் கூடிக் குறைந்து கூடி விளையாடும், அன்றைக்கு நாங்களும் சுற்றிச் சுற்றி வருவோம். பரிமாறப் போனால் ஊர் ஊராகக் கேட்கலாம், எந்த ஊரில் என்ன கல்யாணம், எவருக்கு எந்த மூட்டு வலி என்று. கல்லுக்குத் திரும்பினால் அதையெல்லாம் அசைபோட்டுக்கொண்டே சுடலாம். ஆச்சி பரிமாறுகிற ஆள் மாறுவதைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். “கூட்டத்துக்கு ஒத்தாச ஆச்சி,” என்று செங்கோட்டைக்காரி இழைந்து சமாளித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆச்சி வைத்த கெடு அன்றைக்குத்தான். அன்று தடை மேல் தடை. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் மைக் சத்தம் கேட்டது. சிவகிரிக்காரி எழுந்து கல்லுக்குப் போனாள், நான் சாம்பாருக்கு வந்தேன். உப்பு போட்டேன். அவள் எழுந்திருக்கும்போதே போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். யார் யாரிடம் சொன்னோம்? மூன்று பேரும் நாள் முழுக்க வாய் மூடாதவர்கள், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

முதல் வாளி வெளியே போனது. ஒருத்தர் தண்ணீர் கேட்டார். அடுத்தவர் தண்ணீர் கேட்டார். ஒரு அண்ணாச்சி எழுந்து கல்லாவுக்கே போய், “ஆச்சி, சாம்பார்ல கடல் தண்ணிய ஊத்தியாச்சோ?” என்றார். ஆச்சி ஒரு துளி நாக்கில் வைத்தார்கள். அதுவரை பகலில் ஸ்டூலை விட்டு எழுந்திராத மனுஷி, எழுந்து தடுப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் தோசைக்கல்லில் சிவகிரிக்காரி, சாம்பார் முன்னால் நான்.

“இது எத்தன நாளா நடக்கு?”

சிவகிரிக்காரி கல்லில் கிடந்த தோசையைத் திருப்பினாள்.

“மோர்ல தோசை சுட்டவ இப்போ சாம்பாருக்கு வந்துட்டாளோ! நீ நாளைக்கு…”

சொல்லி முடிக்கவில்லை. வாசலில் அடுத்த கூட்டம். பழைய குற்றால அருவியிலும் தடை போட்டுவிட்டார்கள்போல, வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். குழந்தைகள் பல் கிட்டித்து நிற்கின்றன. ஆச்சி வாசலைப் பார்த்தார்கள், சாம்பாரைப் பார்த்தார்கள்.

“ஆச்சி, பருப்பு வேகவச்சது கொஞ்சம் கிடக்கு,” என்றேன். “பாதியத் தனியா எடுத்து வச்சிட்டு, மிச்சத்துல பருப்பையும் கத்தரிக்காயையும் போட்டுப் பெருக்கிருவேன். கால் மணி நேரம் சட்னிய வச்சு ஓட்டுங்க.”

“பெருக்கு!” என்றார்கள். “ஏட்டி செங்கோட்ட, நீ போயி கல்லாவுல உக்காரு. நான் பரிமாறுதேன்.”

நம்ப மாட்டீர்கள். ஆச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பரிமாறினார்கள். வீங்கின காலோடு அந்தச் சின்ன இடத்தில் மேஜைக்கு மேஜை போனார்கள். ஒரு குழந்தைக்கு ஊட்டிவிட்டார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மாளோடு பேச்சுக் கொடுத்து, அவர்கள் தன் ஒன்றுவிட்ட அக்காவின் பக்கத்து வீடு என்று கண்டுபிடித்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் சாம்பாரைப் பெருக்கி, ருசி பார்த்து, சிவகிரிக்காரியையும் பார்க்கச் சொல்லி, பிறகுதான் வாளியை அனுப்பினேன். தண்ணீர் கேட்கிற சத்தம் நின்றது.

தடை நீங்கியது. கடை காலி. நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்றோம். ஆச்சி ஸ்டூலில் போய் உட்காரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்காலை இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தார்கள்.

“காலு வலி குறஞ்ச மாதிரில்லா இருக்கு,” என்றார்கள், யாரிடமோ சொல்லுவதுபோல.

சிவகிரிக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? “எங்களுக்கும் அப்படித்தான் ஆச்சி இருக்கு. அதாம் மாத்திக்கிட்டோம். நீங்க இந்தக் கடை போட்ட நாள்லருந்து ஒருக்காவாது அருவில தலைய நனச்சிருக்கியளா?”

ஆச்சி எழுந்தார்கள். எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து ஒரு கை எடுத்து உச்சியில் வைத்துத் தேய்த்தார்கள். துண்டை எடுத்தார்கள். வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“மாறிக்கிடுங்க. ஆனா எந்திரிக்கும்போது என்ன போட்டாச்சு, என்ன போடலைன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு எந்திரிக்கணும். கேட்டியா?”

“நான்… நாளைக்கு வரட்டுமா ஆச்சி?”

“வராம? உன் மாமியாவா வந்து சாம்பார் வைப்பா?”

அன்றைக்குப் பஸ்ஸில் நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை, பக்கத்தில் இருந்த பெண் எனக்குப் பாதி மங்குஸ்தான் பழத்தை உரித்துக் கொடுத்தாள். சீசன் முடிகிற வரை போனேன். சாரல் நின்று, தகரத்தைப் பிரித்துக் கட்டுகிற நாள் வரை.

அடுத்த வருஷம் ஆச்சியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், கையில் நேந்திரம் சிப்ஸோடு. மாமியார் பாய் விரித்து, காப்பி கொடுத்து, எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். அங்கே யார் யார், என்ன வேலை, எப்போது மாறுவோம், ஏன் மாறுவோம். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். யாரும் என்னைப் பாதியில் திருப்பி அனுப்பவில்லை, போகச் சொல்லுவார்கள் என்று தெரியும், வாக்கு வாக்குதான். ஆனாலும் அவர்கள் வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் நான் கதவை விட்டு நகரவில்லை.

மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

“அவ வருவா. அதுல பேச்சில்ல,” என்றார்கள். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, “எனக்கும் அங்கன ஏதாச்சும் வேல இருக்குமா ஆச்சி? கலியாணம் ஆகி வந்த நாள்லருந்து இந்த மாட்டு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

மாட்டைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த வருஷம் முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஜன்னலோரம் அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். தென்காசி வருகிறதுக்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள்: “ஏட்டி, முதல்ல எனக்குக் கல்லா, தோசையா? எலை எடுக்கத மட்டும் கடைசியா வச்சுக்கிடுதேன்னு சொல்லு.”